டார்ட் என்றொரு புளிப்பு

எனக்கு வாய் ஜாஸ்தி. திருப்பத்தூரில் இருந்த காலத்திலேயே, "இவளக் கட்டிக்கப் போறவன் காதுல பஞ்சு வச்சுக்கணும்" என்று அம்மா சொல்லுவாள். கட்டிக்கொண்டவர் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்வரை தூங்குவதுபோலக் கிடக்கப் பழகிக்கொண்டார். பெங்களூருக்கு வந்த பதினைந்து வருஷத்தில் கன்னடமும் கற்றுக்கொண்டு, இரண்டு மொழியில் சண்டை போடுகிறவள் ஆகிவிட்டேன். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, என்னிடமே கொடுத்தவர் எங்கள் மேனேஜர்தான்.

ஏப்ரல் மாதத்து மதிப்பீட்டுத் தாள் அது. வேலையில் கவனம்: நன்று. நேரத்துக்கு வருவது: மிக நன்று. மற்றவர்களோடு பேசும் விதம் என்ற கட்டத்தில், 'கொஞ்சம் டார்ட்' என்று எழுதியிருந்தார்.

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது அதை என் கையால் எழுதுகிறவள் நான். இட்லி மாவுக்கு எழுதுகிற சொல்லை எனக்கு எழுதிவிட்டாரே என்பதுதான் கோபம்.

நான் வேலை பார்ப்பது இட்லி, தோசை மாவை அரைத்துப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் ஒரு கம்பெனியில். ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ரொம்ப தூரம் போனால் வருகிற தொழிற்பேட்டையில் இருக்கிறது. நான் க்வாலிட்டி பிரிவு. ஒவ்வொரு பேட்ச் மாவிலும் சில பாக்கெட்டுகளைக் குளிர் அறையில் எடுத்து வைத்து, மறுநாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று திறந்து புளிப்புப் பார்ப்போம். மீட்டரை மாவில் முக்கினால் அது ஓர் எண்ணைக் காட்டும். ஆனால் எண்ணை யாரும் சட்னி தொட்டுச் சாப்பிடுவதில்லை. அதனால் ஒரு மனித நாக்கும் சொல்ல வேண்டும் என்பது கம்பெனியின் விதி. நாக்கு சொன்னதை எழுத ஒரு படிவம் உண்டு. பூஜ்ஜியத்திலிருந்து பத்துவரை ஒரு மதிப்பெண், பக்கத்தில் டிக் அடிக்க மூன்று சொற்கள்: மைல்டு, சவர், டார்ட். ஐந்து நாள் பாக்கெட் டார்ட் ஆனால் அது இயல்பு. ஒரு நாள் பாக்கெட்டே டார்ட் என்றால் அந்தப் பேட்ச் மொத்தமும் வெளியே போகாமல் நிற்கும்.

அன்று கம்பெனி வேனில் வீடு திரும்பும்போது செல்போனில் அந்தச் சொல்லைத் தேடினேன். முதல் வரியில் 'சுருக்கென்ற புளிப்பு' என்று இருந்தது. இரண்டாவது வரியில் 'வெடுக்கென்ற பேச்சு' என்று இருந்தது. அதற்குக் கீழே அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஏதோ நீளமாக எழுதியிருந்தார்கள். படிக்கப் பொறுமையில்லை. மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் காலை ஷிஃப்டின் நாக்கு, ஓர் அக்கா. மர்பி டவுன்காரர். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கம்பெனிக்குள் என்னை "மேடம்" என்பார், வேனில் ஏறிவிட்டால் "ஏம்மா" என்பார். இரண்டுக்கும் நடுவில் சல்யூட் அடிக்கிற மாதிரி ஒரு குறும்புச் சிரிப்பு இருக்கும்.

அக்கா முதலில் பதினோரு வருஷம் அரைக்கிற பிரிவில் இருந்தவர். அங்கே தரை எப்போதும் ஈரம். உளுந்து கழுவின தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர், கிரைண்டர் கழுவின தண்ணீர் எல்லாம் கணுக்கால்வரை நிற்கும். ரப்பர் பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் தண்ணீர் மேலேயிருந்து அதற்குள் இறங்கிவிடும். அக்காவுடைய கால்விரல் இடுக்குகளை ஒருமுறை பார்த்திருக்கிறேன். வெள்ளையாக வெந்து, தோல் பிரிந்து, சேற்றுப்புண் அடுக்கடுக்காக இருந்தது. அப்போதே அவர் கிரைண்டரிலிருந்து விரலில் ஒரு துளி மாவைத் தொட்டு நக்கிப் பார்த்து, "இது நாளைக்கே பொங்கிடும் சார், சீக்கிரம் அனுப்பிடுங்க" என்று சொல்லுவாராம். நான்கைந்து முறை அது பலித்த பிறகு மேனேஜர் அவரை மேலே, டேஸ்டிங் மேசைக்குக் கொண்டுவந்தார். அது காய்ந்த தரை. உட்கார நாற்காலி உண்டு. அக்கா முதல் நாள் அந்த அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, வெறுங்காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அவர் சுவை பார்க்கும் விதமே தனி. கரண்டி நுனியில் கொஞ்சம் மாவை எடுத்து, இடது கன்னத்தின் உள்பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்வார். மூன்று எண்ணுகிற நேரம் அசையமாட்டார். பிறகு இடது கண் ஒரு துடி துடிக்கும். கண் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு புளிப்பு என்று நானே கணக்குப் போட்டுவிடலாம். துப்பிவிட்டு, வெந்நீர் கொப்பளித்து, இரண்டு பொரியை வாயில் போட்டுக்கொண்டு, "இது சும்னே இருக்குது மேடம், மூணு போடு" என்பார். அல்லது "சுர்ருங்குது, எட்டு" என்பார். சும்னே என்றால் நான் மைல்டு என்று டிக் அடிப்பேன். சுர்ர் என்றால் டார்ட். மீட்டரும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். இப்படி நான்கு வருஷத்துக்கு மேல் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது.

மே மாதம் ஒருநாள் அக்கா கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு வேனில் ஏறினார். இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்லில் ஓட்டையாம். எத்தனை நாளாக என்று கேட்டால், "அது கெடக்குது ரொம்ப வருஷமா" என்றார். ரொம்ப வருஷமா! எனக்கு வந்ததே கோபம். அடுத்தவர் உடம்பு விஷயத்தில் எனக்கு வருகிற அக்கறை எப்போதும் திட்டாகத்தான் வெளியே வரும்.

"பல்லுல ஓட்டைய வச்சுக்கிட்டு தினமும் புளிச்ச மாவ அதுல ஊத்திக்கிட்டிருக்கீங்களே, உங்களுக்கு அறிவு இருக்குதா அக்கா?"

"வோணாம்மா. அந்தப் பல்லு இருக்கட்டும். ரெண்டு நாள்ல வத்திடும்."

"ஊசிக்குப் பயமா?"

"பயம்னே வச்சுக்கோ."

நான் விடுகிற ஆளா? மேனேஜரிடம் போய், தொழிலாளர் நலன், உணவுத் தொழிற்சாலையில் வாய்ச் சுகாதாரம் என்று என்னென்னவோ பேசி, ஒரு பல் மருத்துவரை வரவழைத்துக் கம்பெனியிலேயே ஒரு நாள் இலவச முகாம் போட வைத்தேன். பட்டியலில் முதல் பெயராக அக்காவின் பெயரை நானே எழுதினேன். அன்று அவர் கேன்டீன் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான்தான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இதைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிடலாம் என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான், "எடுங்க டாக்டர்" என்றேன்.

என்னைக் கேட்டார்கள், நான் சொன்னேன். அவரை யாரும் கேட்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஏதோ பெரிய நல்லது செய்துவிட்டவளைப் போல அன்று வேனில் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். அக்கா வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். வலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தார். வந்த முதல் நாளே தகராறு. ஒரு நாள் பாக்கெட் ஒன்றைப் பார்த்து, "சும்னே இருக்குது, மூணு" என்றார். இடது கண் துடிக்கவில்லை. மீட்டரில் வேறு எண் இருந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், அக்காவை அல்ல. சும்மா நானும் ஒரு கரண்டி எடுத்து வைத்துப் பார்த்தேன். பல் கூசி, உச்சந்தலைவரை இழுத்தது. அந்த வாரத்து வெயிலில் மாவு ஒரே ராத்திரியில் புளித்துப் போயிருந்தது. பேட்சை நிறுத்தினேன். மறுநாள் நேர்மாறாக, அரைத்து ஆறு மணி நேரம்கூட ஆகாத மாவுக்கு எட்டு கொடுத்தார். மூன்றாம் நாள் எல்லாவற்றுக்கும் ஐந்து.

மேனேஜர் படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். மைசூர்ப் பக்கத்துக்காரர், எங்களிடம் அவருக்குத் தெரிந்த தமிழில்தான் பேசுவார்.

"ஏனம்மா, மீட்டர் ஒண்ணு சொல்லுது, நாக்கு ஒண்ணு சொல்லுது. இது ஹேகே ஆச்சு?"

"பல் எடுத்தது இன்னும் ஆறல சார்" என்றேன்.

"சரி, டைம் கொடுக்கலாம். ஆனா டெஸ்ட் வைக்கணும். ரூல்."

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் ஒட்டினார்கள். அக்கா கன்னடம் சரளமாகப் பேசுவார், ஆனால் படிக்கத் தெரியாது. நான்தான் தமிழில் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை சுவை பார்ப்பவர்களுக்கு மறுதேர்வு. எண் மட்டும் எழுதிய ஆறு கிண்ணங்கள். தேறியவர்கள் அதே மேசையில் தொடரலாம், அல்லது விருப்பப்பட்ட பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம். தேறாதவர்கள் முன்பிருந்த பிரிவுக்குத் திரும்ப வேண்டும்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன். அக்கா கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வேன் எங்களை அல்சூர் ஏரிப் பக்கம் இறக்கிவிட்டது. வழக்கமாக அவர் மர்பி டவுனுக்கு நடந்துவிடுவார், நான் பிரேசர் டவுனுக்கு பஸ் பிடிப்பேன். அன்று, "கொஞ்சம் குந்து" என்றார். ஏரிக்கரைக் கம்பி வேலியோரம் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எனக்கு நாக்கு செத்துப் போயி நாலு வருஷம் ஆவப் போவுதும்மா."

எனக்குப் புரியவில்லை.

"கொரோனா வந்துச்சே. ஜொரம் போச்சு, இருமல் போச்சு. டேஸ்ட்டு மட்டும் வரல. எல்லாருக்கும் வந்துச்சு, எனக்கு வரல. உப்பு தெரியாது, சக்கர தெரியாது, வாசன தெரியாது. வூட்ல பாலு கருகி புகை வந்தப்பகூட எம்பொண்ணு ஓடியாந்து அமத்துனா. மேசைக்கு வந்து ஆறு மாசம்கூட ஆவல அப்போ. சொன்னா திரும்பத் தண்ணியில இறக்கிடுவாங்க. எப்படிச் சொல்றது?"

"அப்போ இத்தனை வருஷமா எப்படிப் பார்த்தீங்க?"

அக்கா இடது கன்னத்தைத் தொட்டுக் காண்பித்தார்.

"பல்லு. ஜொரம் முடிஞ்சி வந்த அன்னிக்கி, என்ன பண்றதுன்னு தெரியாம மாவ வாயில வச்சிக்கினு நின்னேன். நாக்குல ஒண்ணும் இல்ல. அப்போ அந்த ஓட்டப் பல்லுல சுரீர்னுச்சு. அடுத்த பாக்கெட்டு வச்சேன், கம்மியா வலிச்சுது. அப்புறம் புடிச்சிக்கினேன். பல்லோட நின்னா நாலு. தாடைக்கு வந்தா ஆறு. காதுக்குள்ள போச்சுன்னா எட்டு. காது தாண்டி தலைக்கு ஏறிச்சுன்னா பாக்கெட்டத் தூக்கிக் கடாசு."

நான் வீக்கம் வற்றிப்போன அந்தக் கன்னத்தையே பார்த்தேன்.

"நீ நல்லதுக்குத்தான் பண்ண. அதத் தெரிஞ்சிதான் நானும் உங்கிட்ட வோணாம்னு மட்டும் சொன்னேன், ஏன்னு சொல்லல. சொல்லியிருந்தா, தெரிஞ்சே எழுதுன பாவம் உனக்கு. எழுதுறவ நீதானே."

வலியைக் கூட்டிக் கழித்து ஒருத்தி வேலை பார்த்திருக்கிறாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் கண் துடிப்பதை ரசித்து டிக் அடித்திருக்கிறேன். கடைசியில் அவளுக்கு மிச்சமிருந்த அந்த ஒரே வழியையும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பிடுங்கிப் போட வைத்திருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "ச்சீ, எந்திரி, ஜனங்க பாக்குது" என்றார்.

அன்று சாயங்காலம் சமையல் ஓடவில்லை. ரசம் வைக்கப் புளியை ஊறப்போட்டுவிட்டு, செல்போனை எடுத்து ஏப்ரலில் மூடி வைத்த அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். டார்ட். பொறுமையில்லாமல் நான் தாண்டிப் போன கீழ்ப்பகுதியை இந்தத் தடவை படித்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கும் புளிப்புக்கும் சம்பந்தமே இல்லையாம். அப்போது அது வலிக்கு உரிய சொல். கடுமையான தண்டனையை, சுரீரென்று இறங்கும் வேதனையைச் சொல்ல அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. கிழிப்பது என்ற வினையோடு ஒட்டு உறவு இருக்கலாம் என்று ஓர் ஊகம் மட்டும் உண்டு. சில நூறு வருஷம் கழித்துத்தான் அது நாக்குக்கு ஏறியிருக்கிறது. இன்னும் கழித்து, என்னைப் போன்றவர்களின் பேச்சுக்கு. பிரேசர் டவுன் பேக்கரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்களே எலுமிச்சை டார்ட், அது வேறு வழியில் வந்த வேறு சொல்லாம், இதற்கு உறவில்லை.

முதலில் வலி. பிறகுதான் புளிப்பு. யாரோ எப்போதோ, எந்த ஊரிலோ, பழுக்காத ஆப்பிளைக் கடித்துவிட்டு, இதைச் சொல்ல வலியின் பெயர்தான் சரி என்று நினைத்திருக்கிறார்கள். நாமும் 'பல் கூசுது' என்று சொல்கிறோமே தவிர, அதற்கு ஒரு தனிப் பெயர் வைக்கவில்லை. படிவத்தில் இருந்த மூன்று சொற்களில் அக்காவுக்கு உண்மையாகப் பொருந்தியது அந்த ஒன்றுதான். அதை நான் அவர் பக்கத்திலிருந்தே, அர்த்தம் தெரியாமல், ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளியிருக்கிறேன். ரசம் அன்று வைக்கவில்லை. கட்டிக்கொண்டவர் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் எழுந்து போனார்.

மறுதேர்வுக்கான கிண்ணங்களைத் தயார் செய்ய வேண்டியவள் நான். எந்த எண்ணில் எந்த மாவு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை வேனில் அக்காவின் காதோரம் குனிந்து, "ஆறு நம்பர்தான் அக்கா. மனப்பாடம் பண்ணிடலாம்" என்றேன்.

"வோணாம்."

"ஏன், நான் செஞ்ச தப்புக்கு நான்..."

"நீ ஒரு தபா எனக்கு நல்லது பண்ண, பல்லு போச்சு. இன்னொரு தபா பண்ணா உன் வேலையும் போவும். வாய மூடிக்கினு ஒக்காரு."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் மனசு ஒரு நிலையில் இல்லை. தேறமாட்டார் என்பது உறுதி. செவ்வாய்க்கிழமை காலை அக்கா அந்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போவார், நான் மேலே காய்ந்த தரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டேஸ்டிங் அறையில் மூன்று பேர் இருந்தோம். மேனேஜர் ஜன்னலோரம் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மேசைமேல் ஆறு கிண்ணங்கள். அக்கா முதல் கிண்ணத்திலிருந்து கரண்டி நுனியில் எடுத்து, வழக்கம்போல இடது கன்னத்தில் ஒதுக்கினார். நான் படிவத்தைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாலு" என்றார்.

சரி. குருட்டாம்போக்கு என்று நினைத்தேன்.

இரண்டாவது கிண்ணம். அவர் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது. "எட்டு."

சரி! நிமிர்ந்து பார்த்தேன். இடது கண் துடித்துக்கொண்டிருந்தது. பல்லே இல்லாத இடத்தில் எப்படி? மூன்றாவது, ரெண்டு. சரி. நான்காவது, ஆறு. அதுவும் சரி. கொப்பளித்துத் துப்புகிற கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டே துப்பினார். ஐந்தாவதற்கு "அஞ்சு" என்று சரியாகச் சொல்லிவிட்டுக் கரண்டியை மேசையில் வைத்தபோது அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு கீற்று இருந்தது.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஆறிக்கொண்டு வந்த அந்த ஈறை அக்கா காலையில் தானே கிளறிப் புண்ணாக்கிக்கொண்டு வந்திருந்தார். புளிப்பு எரிவதற்கு ஓர் இடம் வேண்டுமே.

பேனாவைக் கீழே வைத்தேன். மேனேஜர் இன்னும் ஜன்னல் பக்கம்தான். என் சுபாவத்துக்கு அந்தக் கிண்ணங்களை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டுக் கத்தியிருப்பேன். ஆனால் ஒரு தடவை கேட்காமல் செய்ததன் பலன் கண்முன்னே உட்கார்ந்திருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"நிறுத்திடட்டுமா அக்கா?"

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம். ஆறாவது கிண்ணத்தைத் தானே இழுத்துக்கொண்டார். அது இருப்பதிலேயே புளித்தது, ஏழு நாள் மாவு. வாயில் வைத்ததும் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயின. மூன்று எண்ணுகிற நேரத்துக்கு அவர் அசையவில்லை.

"ஒம்போது" என்றார். பிறகு, "எழுது" என்றார்.

எழுதினேன். ஒன்பது. பக்கத்தில் டார்ட். படிவத்தில் அந்தச் சொல்லை, அதன் வலியைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே நான் எழுதியது அன்றுதான்.

மேனேஜர் வந்து எண்களைச் சரிபார்த்தார். ஆறும் சரி. "நான் சொன்னேன் அல்லா? பல் புண் ஆறினா சரி ஆகும்னு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. வேறு நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை போட்டிருப்பேன்.

மத்தியானம் ஏரிக்கரையில் இறங்கியதும் நான் ஆரம்பித்துவிட்டேன். "தினமும் இப்படிக் கிளறிக்கிட்டு வருவீங்களா? சீழ் வெச்சா என்ன ஆவும்? இதுக்கு அந்தத் தண்ணியே..."

"முடிச்சிட்டியா?" என்றார் அக்கா. கன்னத்தில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டிருந்தார். பேச்சு குழறியது. "தெனமும் யாரு பண்ணுவா? ஒரு நாளுக்குத்தான். நீதானே படிச்ச. தேறுனவங்க மாத்திக் கேக்கலாம்னு போட்டிருக்குதுன்னு. ரெண்டு தபா கேட்டேனே, அதுக்குத்தான். ஃபெயில் ஆனா அவங்க எங்க தள்றாங்களோ அங்க. பாஸ் ஆயிட்டா நான் எங்க கேக்கறேனோ அங்க. பாக்கெட்டு சீல் பாக்குற மேச காலியா கீது. அதுவும் காய்ஞ்ச தரதான். கண்ணு நல்லா கீது எனக்கு. லெட்டரு எழுதிக் குடு."

அவருக்காகப் பதினைந்து நாள் அழுது தீர்த்தது நான். அவரோ அந்தப் பதினைந்து நாளும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

"கோவமா எழுதாத" என்று சேர்த்துக்கொண்டார். "உன் இங்கிலீஷும் உன்ன மாதிரியே இருக்கும்."

அந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதினேன். முடிந்தவரை இனிப்பாகவே எழுதினேன். மேனேஜர் ஏன் என்று கேட்டதற்கு, மேசைக்கு வேறொருவரைப் பழக்கலாம், அக்கா இத்தனை வருஷம் வாயைப் புண்ணாக்கிக்கொண்டது போதும் என்று சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஜூலை முதல் வாரத்தில் அக்கா சீல் பார்க்கும் மேசைக்குப் போனார். அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறார்.

இப்போது நாங்கள் மத்தியானம் கேன்டீனில் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். முன்னெல்லாம் அக்கா எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். நல்ல பொறுமைசாலி என்று நான் நினைத்திருந்தேன். விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டதால் இப்போது அவருக்குக் கூச்சமில்லை. தட்டில் சோறு விழுந்ததும், "சொல்லு, இன்னிக்கி எப்படி?" என்று கேட்பார். நான் சாப்பிட்டுச் சொல்ல வேண்டும். உப்பு, காரம் சுலபம். புளிப்புதான் தகராறு.

"புளிப்பா இருக்கு அக்கா."

"புளிப்புன்னா எப்படி? தக்காளிப் புளிப்பா, புளிப் புளிப்பா? நேத்து மிச்சமா?"

நான் யோசிப்பேன். படிவத்தில் மூன்று சொல்லை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டியவளுக்கு, ஒரு கரண்டி ரசத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் திண்டாட வேண்டியிருக்கிறது. தொண்டையில் நிற்கிற புளிப்பு, சாப்பிட்ட பிறகு மெதுவாக வருகிற புளிப்பு, மோர் திரிந்த புளிப்பு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொல்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே மெல்லுவார்.

போன வாரம் மாங்காய் சாதம் போட்டார்கள். செங்காய்கூட இல்லை, பச்சைக் காயைத் துருவிக் கொட்டியிருந்தான். முதல் வாயிலேயே என் முகம் கோணிவிட்டது.

"இன்னா ஆச்சு?"

"பல்லு கூசுது அக்கா. தாடைக்கு வந்துடுச்சு... இல்ல, காதுக்குள்ள போவுது."

அக்கா மெல்லுவதை நிறுத்தினார். எனக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் தன் கன்னத்தை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். அவருடைய இடது கண் ஒரு துடி துடித்தது.

"எட்டு" என்றார்.